மூன்றாம் ஷிஃப்ட்

மணி இரண்டே முக்கால்.
பதினோராம் மாடி ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுப்
பாரந்தூக்கியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.
வலக்கையில் ஒரு நெம்புகோல், இடக்கையில் ஒன்று,
இரண்டும் காற்று.
எதிரே பலமாடிக் கார்பார்க்குக்கு மேல்
நாற்பதடிப் பெட்டியொன்று தொங்குகிறதாம்.
"மெல்ல, மெல்ல. கீழ ஆள் நிக்கிறான்."
நானும் எட்டிப் பார்க்கிறேன்.
பூனைகூட இல்லை.

தஞ்சோங் பகாரில் முப்பத்தோரு வருஷம்
ஒரு பெட்டியைக் கோணலாக இறக்காதவர்
இப்போது சட்டையின் முதல் பொத்தானை
மூன்றாம் துளையில் இறக்குகிறார்.
ஒருநாள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.
அவரும் சிரித்தார். நல்ல நாள் அது.

கேட்டுச் சாவி என் கழுத்தில், தாலிக்கொடியிலேயே கோத்திருக்கிறேன்.
குளிக்கும்போது இரண்டும் உரசிக்கொள்ளும்.

பாலிகிளினிக்கில் கடிகாரம் வரையச் சொன்னார்கள்.
வட்டம் போட்டார், அச்சில் வார்த்தாற்போல.
பிறகு பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கம் ஏற்றினார்,
கப்பல் சாய்ந்துவிட்டது.
டாக்டர் பெண் எனக்கொரு கையேடு தந்து
"உங்களையும் பாத்துக்குங்க ஆன்ட்டி" என்றாள்.
எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கலாம்.
அதற்குள் அவர் தண்ணீர் மெஷினிடம்
குடும்ப நலம் விசாரிக்கப் போய்விட்டார்.

பெட்டி எண்களைத் தூக்கத்தில் உளறுவார்.
எட்டு ஒன்று ஏழு நான்கு.
தாழ்வாரத்தில் சிகரெட் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு ஹெங்
அதைக் கேட்டு ஃபோர் டி வாங்கினார்,
ஆறுதல் பரிசு விழுந்தது.
ஒரு பை ஆரஞ்சோடு வந்து
அடுத்து எப்போது உளறுவார் என்று கேட்டார்.

பெர்த்திலிருந்து ஷர்மிளா ஞாயிறுதோறும் திரையில் வருவாள்.
"அப்பா நல்லாத்தானேம்மா இருக்காரு?"
பத்து நிமிஷம் எல்லாருமே நல்லாத்தான் இருக்கிறோம்.

இதை அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
ஒரே இரவில் நாலாவது முறை விரிப்பை உருவும்போது
அடித்துவிட்டேன்.
கன்னத்தில்.
சத்தம் சின்னதுதான், குழாய் சொட்டுகிற அளவு.
அவர் கன்னத்தைத் தொட்டார், பிறகு விரல்களைப் பார்த்தார்
ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று.
விடிந்தால் மறந்துவிடுவார் என்றது மனம்.
இந்த நோய்க்கு நான் நன்றி சொன்ன
ஒரே இரவு அதுதான்.

மூன்று பத்து.
மைலோ கலக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.
வாங்கிக்கொண்டு ஏற இறங்கப் பார்க்கிறார்.
"புதுசா? எந்த ஷிஃப்டு?"
"இதே ஷிஃப்டுதான் அண்ணே."
புருஷனை அண்ணே என்று கூப்பிட
போன வருஷம் நாக்கு கூசியது.
ஒரு மடக்கு குடிக்கிறார். உதட்டைத் துடைத்துவிடுகிறேன்,
விலகாமல் காட்டுகிறார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
ஃபோர்மன் காதில் விழக்கூடாத குரலில்,

"வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு.
அங்க ஒரு பொம்பள என்னை அடிக்கிறா."

குளிர்பெட்டி உறுமி அடங்குகிறது.

"தவமணிகிட்ட சொல்லணும்.
நீ பாத்தா சொல்லு.
அவ வந்தா பாத்துக்குவா."

சொல்றேன் என்கிறேன்.
தவமணி வருவாள், கட்டாயம் வருவாள் என்கிறேன்.
இன்னும் என்னென்னவோ சொல்ல வாய் வருகிறது,
ஆனால் அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி
இரண்டு நெம்புகோல்களையும் பிடித்துவிட்டார்.

பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்கிறேன்.
கோப்பையில் மைலோ ஆடை கட்டுகிறது.
"எத்தனை பெட்டி பாக்கிண்ணே?"
"ஆறு," என்கிறார். கொஞ்சம் யோசித்து, "ஆறோ அறுபதோ."

சரி என்று
நான் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன்.